அங்கம்மாவின் முப்பத்தொன்பது சதவீதம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இரண்டாவது வளைவில், கீழே மரக்கடையும் மாடியில் லேபுமாக இருந்த ஒரு கட்டடத்தில், வேலுமணி ஒன்றரை வருடமாகத் தேயிலைத் தூளில் விஷம் தேடிக்கொண்டிருந்தார்.

விஷம் என்று அவர் சொல்ல மாட்டார். மருந்து என்பார். செடியில் சிவப்புச் சிலந்தி விழுந்தால் அடிக்கிற மருந்து அது. இலை காய்ந்து தூளான பிறகும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கலாம் என்பதற்கு ஐரோப்பாக்காரன் ஓர் அளவு வைத்திருந்தான். அதற்கு மேலே இருந்தால் தூள் கப்பலேறாது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அது. பச்சை இலை விலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போய், பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல், மலை முழுவதும் ஆளுக்கொரு திசையில் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் பிழைக்கலாம் என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சை நம்பித்தான் கோயமுத்தூர் மொத்த வியாபாரி மருதாசலம் இந்த லேபைத் திறந்தார். அவர் இதற்கு முன்னால் திறந்ததெல்லாம் குடோன்கள்.

லேபில் மூன்று பேர். மருதாசலம் முதலாளி. வேலுமணி கெமிஸ்ட். அங்கம்மா கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவாள், கூட்டுவாள், எல்லோருக்கும் டீ போடுவாள். மூன்று பேரில் தன் வேலையைப் பற்றிச் சந்தேகமே இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

லேப் திறந்தால் போதாது, வெளிநாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்கிற அங்கீகாரம் வேண்டும் என்பது மருதாசலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மார்ச் பதினான்காம் தேதி சென்னையிலிருந்து ஜானகி என்று ஓர் அம்மாள் வந்து லேபைச் சோதிப்பதாகக் கடிதம் வந்ததும், அவர் வேலுமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாருங்க வேலுமணி, அங்கீகாரம் வந்தா லேபு. வரலீன்னா உருளைக்கெழங்கு குடோனுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வேலுமணிக்கு இரண்டும் ஒன்றல்ல. அவருக்கு நாற்பத்தாறு வயது. முன்னால் வேலை பார்த்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். இதையும் மூடினால், பொள்ளாச்சியில் மைத்துனனுடைய ஜெராக்ஸ் கடைதான். மைத்துனன் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவன் குரலில் இரக்கம் இருந்தது.

ஆனாலும் அவருக்குப் பெரிய பயமில்லை. அவரிடம் தொண்ணூற்றேழு இருந்தது.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மருந்தே இல்லாத சுத்தமான தூளை எடுத்து, அதில் அளந்து நூறு பங்கு மருந்தை நாமே போட வேண்டும். பிறகு அதை யாரோ அனுப்பிய சாம்பிள் மாதிரி நினைத்துக்கொண்டு கரைப்பானில் ஊறவைத்து, குலுக்கி, வடிகட்டி, வற்றவைத்து, மிஷினில் விட வேண்டும். போட்ட நூறில் எத்தனை திரும்பி வருகிறது? அரிசி களைந்தால் நாலைந்து அரிசி தண்ணீரோடு போகிற மாதிரி, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். எழுபதுக்கு மேல் திரும்பி வந்தால் அந்த லேபை நம்பலாம். அதற்குக் கீழே போனால், லேப் எழுதிக் கொடுக்கிற எந்த எண்ணையும் நம்ப முடியாது. ரெக்கவரி என்று இதற்குப் பெயர். சோதனை செய்கிறவன் தன்னையே சோதித்துக்கொள்ள உலகத்தில் இருக்கிற ஒரே வழி.

ஆரம்பத்தில் வேலுமணிக்கு ஐம்பத்தெட்டு வந்தது. மறுவாரம் அறுபத்தொன்று. அதற்கடுத்து ஐம்பத்தேழு. மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் மாதம் எண் தானாக ஏற ஆரம்பித்தது. எழுபது, எண்பத்திரண்டு என்று போய்த் தொண்ணூற்றேழில் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முன்னே பின்னே போனாலும் தொண்ணூற்றேழை விட்டு விலகவில்லை. கை பழகிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் 'ரெக்கவரி 97%' என்று டைப் அடித்தார். மனைவி அம்சவேணியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில், கேட்காத ஒருவரிடம்கூட அதைச் சொன்னார்.

சுத்தமான தூள் மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. காத்தாயி என்பவளுக்கு அங்கே முக்கால் ஏக்கர் தோட்டம். மருந்து வாங்க வழியில்லாமல் இரண்டு வருடமாக அவள் ஒன்றுமே அடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஏழ்மையால் உண்டான ஒரே நல்ல காரியம் அந்தத் தோட்டம்தான். அவள் கையாலேயே கசக்கி உலர்த்திக் கொடுத்த இரண்டு கிலோ தூளை வேலுமணி மிஷினில் விட்டுப் பார்த்தார். மருந்து துளியும் இல்லை. பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றில் கொட்டி அலமாரியில் வைத்தார். டப்பாவின்மேல் எதுவும் எழுதவில்லை. அதில் என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியுமே.

ஜானகி வருவதற்குப் பத்து நாள் இருந்தபோது, பழைய தூளை வைத்துக்கொண்டு சோதனைக்கு நிற்பது மரியாதை இல்லை என்று தோன்றி, காத்தாயியிடம் புதிதாக அரைக் கிலோ வாங்கி வந்து ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டார். அதையும் மிஷினில் விட்டார். சுத்தம். தேதி போட்டு அந்தத் தாளை ஃபைலில் கோர்த்தார். பிறகு மருந்தைப் போட்டு ரெக்கவரி பார்த்தார்.

ஐம்பத்தெட்டு.

மறுநாள் மறுபடி செய்தார். ஐம்பத்தொன்பது. அதற்கு மறுநாள் கண்ணாடிச் சாமான்களையெல்லாம் தன் கையாலேயே கழுவிவிட்டுச் செய்தார். அங்கம்மா அப்போது ஊரில் இல்லை. மகள் ரேகாவுக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் லீவில் போயிருந்தாள். ஐம்பத்தெட்டு. புதுத் தூளில் என்னவோ கோளாறு என்று நினைத்து, பழைய பிஸ்கட் டப்பாத் தூளை எடுத்து, மருந்து எதுவும் போடாமல் வெறும் தூளாகவே மிஷினில் விட்டார். மிஷினின் பேனா ஒழுங்காகக் கோடு போட்டுக்கொண்டே வந்து, சரியாக மருந்து இருந்தால் காட்டுகிற இடத்தில், ஒரு குன்று வரைந்தது.

வேலுமணி அந்தத் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.

மறுநாள் அங்கம்மா வந்தாள். பேரன் பிறந்திருந்தான். கையில் சர்க்கரைப் பொட்டலம். அதை வாயில் போட்டுக்கொண்டு வேலுமணி மெதுவாகக் கேட்டார்.

"அங்கம்மா, அந்தப் பெரிய டப்பாத் தூள ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

"அய்யோ, அது நல்ல மணமான தூளுங்க சார். ஓனருக்கு ஆளு வந்தா அதுலதான் டீ போடுவனுங்க. நமக்கும் அதுதான்." சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனாக் கொறைய விடமாட்டனுங்க. எடுத்த அளவுக்கு அப்பப்பப் போட்டு வெச்சிருவேன்."

"எதப் போட்டு?"

"சாம்பிள் மிச்சந்தானுங்க. நீங்க பாத்து முடிச்சதெல்லாம். நல்லாக் குலுக்கி வெச்சிருவேன்."

மலையில் தேயிலைத் தூளைக் குப்பையில் கொட்டுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. விலை கெட்டுக் கிடந்த அந்த வருடத்திலும் கிடையாது. எடுத்த தூளுக்கு ஈடாகத் தூள் போட்டு வைப்பது யோக்கியமான பெண்பிள்ளை செய்கிற காரியம். வேலுமணி வாரத்துக்குப் பத்துப் பத்துக் கிராமாக எடுத்த தூளுக்கும், மருதாசலத்தின் விருந்தாளிகள் குடித்த தூளுக்கும் பதிலாக, முப்பத்தோரு ஃபேக்டரிகளின் மருந்தடித்த தூள் அந்த டப்பாவுக்குள் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் போட்ட நூறில் ஐம்பத்தெட்டுதான் எப்போதும் திரும்பி வந்தது. தொண்ணூற்றேழில் மீதி முப்பத்தொன்பது, டப்பாவுக்குள் ஏற்கெனவே இருந்த மருந்து. கை பழகவே இல்லை.

கோபம் வரும் என்று வேலுமணி கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அவமானம்தான் வந்தது, அதுவும் சர்க்கரை வாயில் இருக்கும்போதே.

"பரவால்லீங்க, போங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார். அங்கேதான் தப்புச் செய்தார். எதையும் விளக்கிச் சொல்லுகிற பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது.

முதலாளியிடமும் பாதிதான் சொன்னார். எண் ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது, அந்த அம்மாளிடம் ஆறு மாதம் தவணை கேட்கலாம் என்றார். மருதாசலம் ஜன்னல் வழியாக மரக்கடையைப் பார்த்தார்.

"உருளைக்கெழங்கு இப்ப ஏறுமுகந்தானுங்க" என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் வேலுமணி படாதபாடு பட்டார். மருந்து எங்கே தொலைகிறது என்பது தெரிந்துவிட்டது. கடைசியில் கரைப்பானை வற்றவைக்கிறபோது மருந்தும் ஆவியோடு சேர்ந்து போகிறது. குன்னூர்க் குளிரில் சீக்கிரம் வற்றட்டும் என்று அடியில் அவர் சூடு வைத்திருந்தார். சூட்டைக் குறைத்தால் சாயங்காலம் வரை வற்றவில்லை. கூட்டினால் மருந்து நிற்கவில்லை. எந்தப் பக்கம் திருகினாலும் அறுபதைத் தாண்ட முடியவில்லை. சரி, ஐம்பத்தெட்டையே காட்டிவிட்டுத் தவணை கேட்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பதினான்காம் தேதி காலை ஜானகி வந்தார். கோயமுத்தூரிலிருந்து டாக்ஸியில் ஏறிவந்த வளைவுகளில் தலை சுற்றி முகம் வெளுத்திருந்தார். அங்கம்மா கொடுத்த டீயைக் குடித்ததும் தெளிந்துவிட்டார்.

"இந்த மாதிரி டீ மெட்ராஸ்ல கிடைக்காதும்மா" என்றார். அங்கம்மா இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள்.

ஜானகி கெட்டிக்காரர். மருந்தைத் தானே சீசாவில் கொண்டுவந்திருந்தார். புதுத் தூள் சுத்தம் என்று காட்டிய போனவாரத் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். எவர்சில்வர் டப்பாவிலிருந்து வேலுமணி தூளை நிறுத்தெடுப்பதையும், மருந்து சேர்ப்பதையும், வடிகட்டுவதையும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். மூன்று மணிக்கு மிஷின் கோடு போட ஆரம்பித்தது. ஜானகி கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"தொண்ணூத்தேழு" என்றார். "என்ன சார், காலைல தவணை அது இதுன்னு ஏதோ இழுத்தீங்க? நல்ல கை சார் உங்களுக்கு."

முதலில் வேலுமணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு தலையைத் திருப்பினார். கதவோரத்தில் அங்கம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பேரன் பிறந்ததைச் சொன்னபோதுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜானகி பேனாவைத் திறந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். லேபின் பெயர், விலாசம், மிஷின் நம்பர். இன்னும் ஒரு பக்கம். அதன் அடியில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். லேப் நிற்கும், வேலை நிற்கும், மைத்துனன் போன் செய்தால் நிமிர்ந்து பேசலாம். அவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. திறக்கவும் இல்லை. ஜானகி முக்கால் பக்கம் எழுதி முடிக்கிற வரைக்கும் வேலுமணி பேசாமல் நின்றார். அந்த முக்கால் பக்கத்துக்காக அவர் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"மேடம், வெறும் தூள மட்டும் இன்னொருக்கா ஓட்டிப் பாத்துருங்க."

"போன வாரம் பார்த்ததுதானே சார்?"

"போன வாரத் தூளு வேறங்க. இன்னைக்கு இருக்கறது வேற."

வெறும் தூளை ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து மிஷினில் விட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மிஷினின் பேனா நேர்கோடு போட்டு வந்து, மருந்தின் இடத்தில் குன்று வரைந்தது. ஜானகி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் இருந்த தன் கிளாஸைப் பார்த்தார்.

"காலைல இருந்து நான் குடிக்கிற டீ எந்த டப்பாம்மா?"

"பெரிய டப்பாங்க மேடம். அதான் நல்ல தூளு."

வேலுமணி அப்போதுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஜானகி எழுந்துபோய்க் கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்து, படிவத்தில் தொண்ணூற்றேழை அடித்து ஐம்பத்தெட்டு என்று எழுதினார். இப்போதைக்கு அங்கீகாரம் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இதுவரை ரிப்போர்ட் வாங்கிய எல்லோருக்கும் தவறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது சார்" என்றார் போகும்போது.

"தெரிஞ்சிருக்காதுங்க" என்றார் வேலுமணி.

டாக்ஸி இறங்கிப் போனதும் மருதாசலம் உள்ளே வந்தார்.

"யாரு போட்டது?"

அங்கம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"டப்பாவுல பேரெழுதாம வெச்சது நானுங்க" என்றார் வேலுமணி. "ஒருத்தருக்கும் சொல்லாம வெச்சதும் நானுங்க."

மருதாசலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாசம் முடியட்டும். சாம்பிள் வருதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உருளைக்கிழங்கைப் பற்றி அவர் பேசாமல் போனதுதான் வேலுமணிக்குப் பயமாக இருந்தது.

அங்கம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"நான் லீவுல போனப்பத்தான் நம்பரு எறங்கிப் போச்சுன்னு ஓனரு சொன்னாருங்க. டப்பாவுல போட ஆளில்லாமத்தான் எறங்கிருச்சுன்னு நானும் கண்டுக்கிட்டேன். காலைல வந்ததும் மொத வேலையா அந்தப் புது டப்பாவுல இருந்தத மாத்திட்டு, பெரிய டப்பாத் தூள அதுல நெரப்பி வெச்சனுங்க. நம்பரும் ஏறுச்சில்ல?"

"ஏறுச்சுங்க. நீங்க கண்டது சரிதான்."

"அப்பறம் ஏனுங்க சார் போய்ச் சொன்னீங்க?"

"அதுல முப்பத்தொம்போது உங்களுதுங்க அங்கம்மா. என்னுது அம்பத்தெட்டுதான்."

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும். "சரி, நீங்க போடறது நூறு. உங்களுக்கு வர்றது அம்பத்தெட்டு. மீதி நாப்பத்தி ரெண்டு எங்கதான் போகுது?"

"காத்துல போகுதுங்க."

"எந்தக் காத்துல?"

"இந்த ரூம் காத்துலதான்."

அங்கம்மா போய் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். பிறகு வந்து பெரிய டப்பாவை எடுத்துக் கீழே கொண்டுபோனாள். அன்றைக்குக் குப்பைத் தொட்டியில் தேயிலைத் தூளைக் கண்ட முனிசிபாலிட்டிக்காரர் மேலே வந்து, தெரியாமல் கொட்டிவிட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இருநூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட்டுகள். முப்பத்தோரு ஃபேக்டரிகள். நாலு நாள் உட்கார்ந்து வேலுமணி கடிதங்களை டைப் அடித்தார். 'எங்கள் சோதனை முறையின் குறையால் தங்கள் தூளில் மருந்தின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்பட்டுள்ளது. ரெக்கவரி 97 அல்ல, 58. ஆகவே நாங்கள் கொடுத்த எண்களை ஒன்று புள்ளி ஏழு இரண்டால் பெருக்கிக்கொள்ளவும். தவறு என்னுடையது.' கீழே அவர் கையெழுத்து. அங்கம்மா ஸ்டாம்பு ஒட்டினாள்.

அதற்குப் பிறகு சாம்பிள் வரவில்லை. முன்னெல்லாம் ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் கையில் இரண்டு பாக்கெட்டாவது வரும். ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. மரக்கடைக்காரர் மாடிப்படியின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போனார். மூட்டை ஏற்ற வேண்டுமாம். வேலுமணி பொள்ளாச்சிக்கு ஒரு கார்டு எழுதி, அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் போன் வந்தது. கட்டபெட்டில் ஒரு ஃபேக்டரியில் டீமேக்கராக இருக்கிற இசக்கிமுத்து பேசினார். தூளின் தரத்துக்கு அங்கே அவர்தான் பொறுப்பு.

"லெட்டரு கெடச்சுதுங்க. ஒண்ணு புள்ளி ஏழு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க. மன்னிச்சுக்கணும்."

"அட, மன்னிப்பு என்னத்துக்குங்க? நாங்க இத்தன நாளா ரெண்டால பெருக்கிட்டிருந்தோம்."

வேலுமணிக்கு ஒன்றும் புரியவில்லை. இசக்கிமுத்து நிதானமாகச் சொன்னார். ஆரம்பத்திலேயே ஒரே லாட் தூளை இங்கேயும் கொச்சி லேபிலும் கொடுத்துப் பார்த்தார்களாம். கொச்சியில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு வந்ததாம். அக்கம்பக்கத்து ஃபேக்டரிகளிடமும் சொல்லி வைத்தார்களாம். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எல்லோரும், வேலுமணியின் ரிப்போர்ட் வந்தால், பென்சிலால் இரண்டால் பெருக்கி ஓரத்தில் எழுதிக்கொள்வதுதான் வழக்கமாம்.

"எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

"எப்படிங்க சொல்றது? நீங்க தொண்ணூத்தேழுன்னு அவ்வளவு ஆசையா அடியில போட்டு அனுப்பறீங்க. மனசு நோகுமில்லீங்களா?"

வேலுமணியின் காது சூடேறியது. மலை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். இதற்காகவா அந்தப் படிவத்தைக் கெடுத்தோம், இதற்காகவா நாலு நாள் டைப் அடித்தோம் என்று நினைத்தார்.

"அப்பறம் ஏனுங்க எங்கிட்ட அனுப்பிட்டிருந்தீங்க?"

"கொச்சிக்குப் போனா பத்து நாளாகுது. அங்க ஒரு மாசம் கூட வருது, ஒரு மாசம் கொறைய வருது. உங்குளுது அப்படியில்லீங்க. தப்புன்னாலும் எப்பவும் ஒரே மாதிரித் தப்பு. அத நம்பி நாங்க தூள் ஏத்தலாமில்ல? ஒரு லாட்டும் திரும்பி வரலீங்களே." இசக்கிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப இங்க ஒரே கொழப்பமுங்க. இனி வர்ற ரிப்போர்ட்ட நாங்க பெருக்கணுமா, நீங்களே பெருக்கிருவீங்களான்னு தெரியாம யாரும் சாம்பிள் அனுப்பாம உக்காந்திருக்காங்க. நீங்களாக் கூப்பிடுவீங்கன்னு பாத்தோம். சரி, நானே கேட்டுச் சொல்லிர்றேன்னு போன் பண்ணுனேன்."

வேலுமணி ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பெருக்க வேண்டாமுங்க. நானே பெருக்கி எழுதிர்றேன். அடியில அம்பத்தெட்டுன்னே போட்டர்றேன்."

"அப்பச் சரிங்க. நாளைக்கு முதல் பஸ்ஸுல பதினாறு பாக்கெட் வருது. மத்தவங்களுக்கும் சொல்லிர்றேன்."

மருதாசலம் வாசலில் நின்று யார் என்று கேட்டார். வேலுமணி பதினாறு சாம்பிள் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் வேலை பார்த்ததில் யாரும் அவருக்கு அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை. அதில் தப்பு என்ற வார்த்தை இரண்டு தடவை வந்திருந்தது.